பசிக்கலம்மா

அலமாரியின் கீழ்த்தட்டில், பழைய துணிகளுக்குப் பின்னால், அந்த நாப்கின் பாக்கெட் பிரிக்கப்படாமலேயே இருந்தது. தீபாவளிக்கு முன்னால் பரிமளாதான் மகளுக்காக வாங்கி வைத்தது. இப்போது மார்கழி முடியப் போகிறது.

பாக்கெட்டைக் கையில் வைத்தபடி பரிமளா அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். தேவயானி ப்ளஸ் ஒன் படிக்கிறாள். ஒரே பெண். திண்டிவனத்தில் தாலுகா ஆபீசுக்கு எதிரே ஜெராக்ஸ் கடையில் பரிமளா மனு டைப் அடித்து, வீட்டுக்காரர் மாயவன் குட்டி யானை லோடு வண்டியில் மல்லாட்டைக் கடலை மூட்டை ஏற்றி இறக்கி, இருவரும் சேர்ந்து இழுத்துக்கொண்டு போகிற குடும்பம். பெண் நன்றாகப் படிக்கிறாள் என்பதுதான் அந்த வீட்டின் பெரிய சந்தோஷம்.

சாயங்காலம் தேவயானி ஸ்கூலிலிருந்து வந்ததும் பரிமளா சாதாரணமாகக் கேட்பதுபோலக் கேட்டாள்.

"இந்த மாசம் வந்துச்சாடி?"

"வந்துச்சும்மா."

"எப்போ?"

"போன வாரம்."

"எத வெச்ச? பாக்கெட்டு பிரிக்கவே இல்லியே."

தேவயானியின் முகம் ஒரு நொடி செத்துப் பிழைத்தது. "கலையரசி கிட்ட வாங்கிக்கினேன்" என்று சொல்லிவிட்டு, பையைக்கூட இறக்காமல் மாடிக்குப் போய்விட்டாள்.

பொய் என்று பரிமளாவுக்குத் தெரிந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. மீன் குழம்பு கொதித்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து போகிறாள். காலையில் எழுந்தால் தலை சுற்றுகிறது என்று சுவரைப் பிடித்துக்கொள்கிறாள். துணி மாற்றும்போது கதவைத் தாழ் போடுகிறாள். எந்நேரமும் ஸ்வெட்டர். எப்போது பார்த்தாலும் கையில் போன், மாடியில் நடை. சாப்பிடக் கூப்பிட்டால் "பசிக்கலம்மா". முகத்தில் ரத்தமே இல்லை.

ஒவ்வொன்றும் ஒரே இடத்தில்தான் கொண்டுபோய் விட்டது. கடவுளே, யார் அவன்?

மாயவனிடம் சொல்ல முடியாது. கோபக்காரர் என்றில்லை, அடித்துக்கூடப் பழக்கமில்லாதவர். அப்படிப்பட்டவர் இதைக் கேட்டால் என்ன செய்துகொள்வாரோ என்றுதான் பயம். ஊரில் யாரிடமும் சொல்ல முடியாது. திண்டிவனத்தில் எந்த டாக்டரிடம் போனாலும் வெளியே உட்கார்ந்திருப்பவர்களில் ஒருத்தராவது ஜெராக்ஸ் கடைக்கு வந்து போனவராக இருப்பார்.

இரண்டு நாள் கழித்து கலையரசி கடைக்கு வந்தாள், ரெக்கார்டு நோட்டில் நாலு பக்கம் ஜெராக்ஸ் எடுக்க. தேவயானியோடு ஒரே பெஞ்சில் உட்காருகிற பெண். பரிமளா மெஷினை நிறுத்திவிட்டு அவளைக் கடைக்குள் கூப்பிட்டாள்.

"கலை, ஆன்ட்டி ஒண்ணு கேப்பேன். பயப்படாம சொல்லணும். தேவி யார்கூடயாவது பேசிக்கினு இருக்காளா? டியூஷன்ல, பஸ்ல, எங்கியாவது?"

கலையரசி கண்ணை அகல விரித்தாள். "அய்யோ, அதெல்லாம் இல்ல ஆன்ட்டி."

"மறைக்காத. உன்ன மாட்டி வுட மாட்டேன்."

"சத்தியமா இல்ல. ஆனா..." அந்தப் பெண்ணின் உதடு துடித்தது. "அவ சாப்பிடறதே இல்ல ஆன்ட்டி. நீங்க குடுத்து வுடற டிபன அப்படியே எங்களுக்குப் போட்டுடறா. இல்லன்னா கொட்டிடறா. சொன்னா பேச மாட்டேன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிக்கினா. போன வாரம் பிரேயர்ல வுழுந்துட்டா."

"வுழுந்தாளா?"

"டீச்சர் கேட்டப்ப, மாலை போட்டிருக்கேன், விரதம்னு சொல்லிட்டா."

பரிமளா தலையில் கையை வைத்துக்கொண்டாள். மயங்கி விழுந்திருக்கிறாள். அந்த ஒரு வார்த்தைதான் அவள் காதில் நின்றது. மற்றதெல்லாம் கரைந்துபோனது. "நான் அத கேக்கலம்மா. சரி, போ. நான் கேட்டேன்னு தேவி கிட்ட சொல்லாத" என்று அனுப்பிவிட்டாள்.

மாலை போட்டது உண்மைதான். கார்த்திகையில் தேவயானி சக்திக்கு மாலை போட்டுக்கொள்கிறேன் என்று கேட்டபோது பரிமளாவுக்குப் பெருமையாக இருந்தது. சிவப்புப் பாவாடை தாவணியில் ஒரு வேளை மட்டும் சாப்பிட்டுக்கொண்டிருந்த மகளைப் பார்த்து அக்கம்பக்கத்தில் எல்லோரும் புகழ்ந்தார்கள். மேல்மருவத்தூர் போய் இருமுடி செலுத்திவிட்டு வந்த பிறகும் அந்த ஒரு வேளை ஒரு வேளையாகவே இருந்ததை யாரும் கேட்கவில்லை.

வியாழக்கிழமை காலை, மாயவன் மார்க்கெட் கமிட்டிக்கு மூட்டை ஏற்றக் கிளம்பும்போது, "விழுப்புரத்துல சித்ரா அக்கா கூப்ட்டுக்கினே இருக்குது, தேவியையும் கூட்டிக்கினு போய்ட்டு வர்றேங்க" என்றாள் பரிமளா. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவரிடம் சொன்ன பெரிய பொய் அதுதான். அவர் தலையாட்டிவிட்டு வண்டியை எடுத்தார்.

பஸ்ஸில் ஏறி கூட்டேரிப்பட்டு தாண்டிய பிறகுதான் மகளிடம் சொன்னாள்.

"தல சுத்துதுன்னு சொன்ன இல்ல, ஒரு டாக்டரம்மாவ பாத்துட்டு வந்துடலாம்."

தேவயானி வெடுக்கென்று திரும்பினாள். "எனக்கு ஒண்ணும் இல்ல. எறங்கிடலாம்மா."

"பாத்துட்டு வந்துடலாம்டி."

"வெய்ட் பாப்பாங்களா?"

இதென்ன கேள்வி என்று பரிமளாவுக்குப் புரியவில்லை. மகள் பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து மடமடவென்று குடித்தாள். விக்கிரவாண்டியில் பஸ் நின்றபோது ஜன்னல் வழியாக இன்னொரு பாட்டில் வாங்கி அதையும் மூச்சுவிடாமல் குடித்தாள். பயத்தில் தாகம் எடுக்கிறது போலிருக்கிறது என்று நினைத்தாள் பரிமளா. தப்பு செய்தவளுக்குத்தானே இத்தனை பயம் வரும்.

விழுப்புரத்தில் ரயில்வே ஸ்டேஷனுக்குப் பக்கத்துச் சந்தில் இருந்தது அந்த கிளினிக். டாக்டர் பிரபாவதிக்கு அறுபது வயதிருக்கும். பரிமளா மகளை வெளியே உட்கார வைத்துவிட்டு உள்ளே போய், மேஜை மேல் குனிந்து, கிசுகிசுப்பாக விஷயத்தைச் சொன்னாள். டாக்டர் ஒன்றும் கேட்காமல் நர்ஸைக் கூப்பிட்டு யூரின் டெஸ்ட் எடுக்கச் சொன்னார்.

அந்தக் கொஞ்ச நேரத்தில் பரிமளா மனதுக்குள் வீட்டை விற்றுவிட்டாள், ஊரை மாற்றிவிட்டாள், மூன்று பேரும் விஷம் குடிப்பதுவரை போய்விட்டு வந்தாள்.

நர்ஸ் வந்து, "ஒண்ணும் இல்ல மேடம், நெகட்டிவ்" என்றாள்.

பரிமளா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டாள். "புண்ணியமா போவும்மா, உசுரே வந்துச்சு."

"அழுவாதீங்க" என்றார் டாக்டர். "சந்தோஷப்படவும் அவசரப்படாதீங்க. மூணு மாசமா நின்னு போயிருக்குன்னா ஏதோ காரணம் இருக்கணும் இல்ல? பொண்ண கூப்புடுங்க."

தேவயானி உள்ளே வந்தாள். ஸ்வெட்டரைக் கழற்றச் சொன்னபோது மாட்டேன் என்றாள். டாக்டர் பொறுமையாகத் திரும்பவும் சொன்னார். அவள் கழற்றினாள்.

பரிமளா மகளின் கைகளைப் பார்த்து எத்தனையோ நாளாகியிருந்தது. முழங்கை மூட்டு மட்டும் பெரிதாக, மேலும் கீழும் குச்சியாக. காலர் எலும்புக்கு மேலே குழி. கைகளிலும் கழுத்துப் பின்னாலும் பச்சைக் குழந்தைக்கு இருப்பதுபோல மெல்லிய பூனைமுடி. பரிமளா தன்னையறியாமல் ஒரு அடி பின்னால் போனாள். இது தன் பெண்தானா? ஒரே வீட்டில்தானே இருந்தோம்?

டாக்டர் எடை பார்த்தார், தண்ணீரில் உப்பியிருந்த வயிற்றைத் தட்டிப் பார்த்தார், நாடி பிடித்தார். கடிகாரத்தைப் பார்த்தார். மறுபடியும் பிடித்தார். அவர் முகம் மாறியது.

"வர்றப்போ எவ்வளவு தண்ணி குடிச்சம்மா?"

தேவயானி தலையைக் குனிந்துகொண்டாள்.

"வெய்ட் ஏத்திக் காட்டத்தான?"

தேவயானி ஸ்வெட்டரை எடுத்து மடியில் சுருட்டிக்கொண்டாள்.

"கண்ணாடில பாத்தா நீ எப்படித் தெரியற?"

"குண்டா" என்றாள் தேவயானி. பொய்யாகச் சொல்லவில்லை. வானம் நீலம் என்பதுபோலச் சொன்னாள்.

ஈ.சி.ஜி. எடுத்தார்கள். நர்ஸ் ஒரு டம்ளரில் குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்து, குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள். தேவயானி கண்ணில் நீர் வழிய வழியக் குடித்துவிட்டு வெளியே பெஞ்சுக்குப் போனாள்.

டாக்டர் தாழ்ந்த குரலில் பேசினார். "பொண்ணு மாசக்கணக்கா பட்டினி கெடக்கறா. சாப்பாடு பத்தலன்னா ஒடம்பு மொதல்ல மாசத் தூரத்த நிறுத்திடும். அப்புறம் இதயம் மெதுவாவும். இப்ப அவளுக்கு நிமிஷத்துக்கு நாப்பதுதான் துடிக்குது. வீட்டுக்குக் கூட்டிக்கினு போவாதீங்க. நேரா முண்டியம்பாக்கம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க. நான் போன் பண்ணி சொல்லிடறேன்."

"சாப்பாடு தானம்மா? நான் ஊட்டி வுட்டுடறேன். நாலு நாள்ல தேத்திடறேன்."

"அது முடியாதும்மா. அவ வேணும்னு அடம் புடிக்கல. இது ஒரு நோய். உசுர எடுக்கற நோய். அத மொதல்ல நீங்க நம்பணும்."

பரிமளா எழுந்து வெளியே வந்தாள். பெஞ்சு காலியாக இருந்தது.

பாத்ரூமில் இல்லை. மருந்துக்கடையில் இல்லை. வாசலில் நின்ற ஆட்டோக்காரர், "ஸ்வெட்டர் போட்ட பொண்ணா? ஸ்டேஷன் பக்கம் வேகமா போச்சும்மா" என்றார்.

ஸ்டேஷன். பரிமளாவுக்குத் தண்டவாளம்தான் கண்ணில் வந்தது. செருப்பு எங்கே கழன்றதென்று தெரியவில்லை. பழக்கடைகளை, டீக்கடைகளை, மூட்டையோடு நிற்கிறவர்களை இடித்துக்கொண்டு ஓடினாள். உள்ளே ஏதோ ஒரு ரயில் வருவதாக அறிவித்துக்கொண்டிருந்தார்கள். "தேவி! தேவி!" முதல் பிளாட்பாரத்தின் விளிம்பில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தாள். இன்ஜின் விளக்கு தெரிந்தது.

அப்போது நிமிர்ந்தவள், நடைமேம்பாலத்தின் படிகளில் மகளைப் பார்த்தாள்.

தேவயானி படியேறிக்கொண்டிருந்தாள். மேலே போனாள். திரும்பினாள். இறங்கினாள். கடைசிப் படிக்கு வந்ததும் மறுபடியும் திரும்பி ஏறினாள். எங்கும் போகவில்லை. ரயிலைப் பார்க்கவில்லை. உதடு மட்டும் எதையோ எண்ணுவதுபோல அசைந்துகொண்டிருந்தது. முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. பக்கவாட்டுக் கம்பியைப் பிடித்து உடம்பை இழுத்து இழுத்து ஏற்றிக்கொண்டிருந்தாள்.

பரிமளா ஓடிப்போய் அவள் கையைப் பிடித்தாள். பனிக்கட்டியாக இருந்தது.

"இன்னாடி பண்ற?"

"வுடும்மா. கொஞ்சம்தான். அந்தத் தண்ணி கரையணும். கரைஞ்சதும் வந்துடறேன்."

"எந்தத் தண்ணிடி?"

"அவங்க குடுத்தாங்களே. சக்கரத் தண்ணிம்மா அது. உள்ள போயிடுச்சும்மா." அவளுக்கு மூச்சு வாங்கியது. பிறகு சட்டென்று அம்மாவின் கண்ணை நேராகப் பார்த்தாள். "நர்ஸ் எதுக்கு டெஸ்ட் எடுத்தாங்கன்னு எனக்குத் தெரியும். என்ன பத்தி நீ அப்படித்தான் நெனச்சியா?"

பரிமளா வாய் திறப்பதற்குள் தேவயானியின் கை அவள் பிடியில் தளர்ந்தது. கண் மேலே செருகியது. படியில் மடங்கி, அம்மாவின் மேலேயே சாய்ந்தாள். அந்த உடம்பில் கனமே இல்லை என்பது பரிமளாவை எல்லாவற்றையும்விட அதிகமாகப் பயமுறுத்தியது.

யாரோ தண்ணீர் தெளித்தார்கள். யாரோ தூக்கினார்கள். "ஜல்தி, ஜல்தி" என்று ஒருவர் கூட்டத்தை விலக்க, பின்னாலேயே வந்திருந்த கிளினிக் வாசல் ஆட்டோக்காரரே முண்டியம்பாக்கத்துக்கு ஓட்டினார். வழியெல்லாம் பரிமளா மகளின் மூக்கருகே விரலை வைத்துக்கொண்டே போனாள்.

வார்டில் சேர்த்து, கையில் ட்ரிப்ஸும் நெஞ்சில் ஒயர்களும் மாட்டிய பிறகுதான் மாயவனுக்கு போன் செய்தாள். சரக்கை இறக்கியும் இறக்காமலும் அவர் வண்டியோடு வந்து சேர்ந்தார். சட்டையெல்லாம் மல்லாட்டைத் தூசி.

வராந்தாவில் வைத்து எல்லாவற்றையும் சொன்னாள். பொய் சொல்லிவிட்டு வந்ததையும், எதற்காக வந்தாள் என்பதையும். அவர் திட்டுவார் என்று காத்திருந்தாள். அவர் சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்தார்.

"என்கிட்ட சொல்றதுக்கு அவ்ளோ பயமா உனக்கு?" என்று மட்டும் கேட்டார்.

கொஞ்ச நேரத்தில் எழுந்து வெளியே போனவர், பிரியாணிப் பொட்டலமும் வாழைப்பழச் சீப்பும் வாங்கிக்கொண்டு வந்தார். "வயித்துக்கு இல்லாமதான இப்படி ஆச்சு, நான் ஊட்டறேன் பாரு" என்று பொட்டலத்தைப் பிரித்தவரை நர்ஸ் ஓடிவந்து தடுத்தாள்.

"அய்யா, வேணாம்! இவ்ளோ நாள் பட்டினி கெடந்த ஒடம்பு. திடீர்னு இத்தன உள்ள போனா ரத்தத்துல உப்பெல்லாம் தாறுமாறாயிடும், ஹார்ட்டே நின்னுடும். நாங்க கொஞ்சம் கொஞ்சமாத்தான் குடுப்போம்."

மாயவன் கையில் பொட்டலத்தோடு அப்படியே நின்றார். சாப்பிடாவிட்டால் சாவு, சாப்பிட்டாலும் சாவு என்றால் அப்பன் என்னதான் செய்வது? பொட்டலத்தை மறுபடி மடித்து, கட்டிலுக்குக் கீழே வைத்தார்.

மறுநாள் மனநலப் பிரிவிலிருந்து ஒரு இளம் டாக்டர் வந்தார், இனியவன் என்று பெயர். எந்தப் பிரிவு என்று தெரிந்ததும் மாயவன் எழுந்துவிட்டார்.

"எம்பொண்ணு பைத்தியம் இல்ல சார். க்ளாஸ்ல ஃபர்ஸ்ட் வர்ற பொண்ணு."

"இல்லைங்கய்யா. நானும் அப்படி சொல்லல" என்றார் அவர். "நமக்கு ஒரு பாம்பு பக்கத்துல வந்தா எப்படி இருக்கும்? உங்க பொண்ணுக்கு சாப்பாட்டுத் தட்டப் பாத்தா அப்படி இருக்குது. திட்டுனாலும் அந்தப் பயம் போவாது, கெஞ்சுனாலும் போவாது. மருந்தும் பேச்சும் நீங்களும் சேந்துதான் கொறைக்கணும். நாள் ஆவும். வுட்டுட்டீங்கன்னா பொண்ண எழந்துடுவீங்க."

மாயவன் மெதுவாக உட்கார்ந்தார்.

அந்த டாக்டரிடம் தேவயானி கொஞ்சம் கொஞ்சமாகப் பேசினாள். பரிமளா சில சமயம் கூட இருந்தாள். ஜூனில் வகுப்பில் வைத்துப் புது யூனிஃபார்முக்கு அளவெடுத்த டெய்லர் இடுப்பளவைச் சத்தமாகச் சொன்னதையும், வகுப்பு சிரித்ததையும் சொன்னாள். அன்று ராத்திரி சோறு வேண்டாம் என்றாளாம். அப்புறம் போனில் வந்த, உடம்பு இளைக்கச் சொல்லும் வீடியோக்கள். அப்புறம் எடை குறைந்தது. டீச்சர், பக்கத்து வீட்டு அக்கா, சித்தி எல்லோரும் "அழகாயிட்டடி" என்றார்கள். "அம்மாவும் சொல்லிச்சு" என்றாள். குற்றம் சாட்டுகிற குரலில் சொல்லவில்லை. அதனாலேயே பரிமளாவால் அங்கே உட்கார முடியவில்லை. வராந்தாவுக்கு வந்து தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஞாயிற்றுக்கிழமை கலையரசி அவள் அப்பாவோடு பார்க்க வந்தாள். வார்டு வாசலிலேயே நின்று அழுதாள். "நான் டீச்சர் கிட்டியாவது சொல்லியிருக்கணும் ஆன்ட்டி. சத்தியம் பண்ணிட்டேன்னு பயந்துட்டேன்."

பரிமளா அவளைக் கட்டிக்கொண்டாள். "நீ சொன்னம்மா. என் காதுதான் வேற எதையோ கேட்டுக்கினு இருந்துச்சு."

அந்த ஆஸ்பத்திரி நாட்களில் ஒரு முறை மானிட்டர் திடீரென்று கத்தியது. நர்ஸ்கள் ஓடிவந்து கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்தார்கள். திரைக்கு வெளியே நின்ற நேரத்தில் மாயவனும் பரிமளாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. திரை விலகியபோது தேவயானி கண் திறந்து படுத்திருந்தாள். பொட்டாசியம் இறங்கிவிட்டது, சரிசெய்துவிட்டோம் என்றார்கள்.

மாசி பிறந்த பிறகு வீட்டுக்கு அனுப்பினார்கள். வாரம் ஒரு முறை முண்டியம்பாக்கம் வர வேண்டும். மூன்று வேளையும் யாராவது கூட உட்கார்ந்து சாப்பிட வேண்டும். சாப்பிட்ட பிறகு அரை மணி நேரம் எழுந்து போக விடக்கூடாது. எடையைப் பற்றி, அழகைப் பற்றி, யாருடைய உடம்பைப் பற்றியும் வீட்டில் பேச்சே கூடாது.

பரிமளா ஸ்கூலுக்குப் போய் வகுப்பு டீச்சரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். வெட்கப்பட்டு மறைத்தது போதும் என்றிருந்தது. டீச்சர், "இன்னும் ரெண்டு பொண்ணுங்க டிபன் பாக்ஸே கொண்டார்றதில்லம்மா. நான் டயட்டுன்னு நெனச்சுக்கினு இருந்தேன்" என்றார். அவர் முகத்தில் ஓடிய பயம் பரிமளாவுக்குப் பழக்கமானதாக இருந்தது. அந்த வாரமே அவர் அந்த இரண்டு வீட்டுக்கும் போய்வந்தார். மதியச் சாப்பாட்டுக்கு டீச்சரும் பெண்களோடு வகுப்பிலேயே உட்கார ஆரம்பித்தார்.

ஆனால் வீட்டில் எளிதாக இருக்கவில்லை. ஒரு நாள் துவைக்கப் போட்ட ஷாலில் பிசைந்த இட்லி ஒட்டியிருந்தது. இன்னொரு நாள் பூட்டிய அறைக்குள் குதிக்கிற சத்தம் கேட்டது. அன்றைக்கு மாயவன் கதவின் தாழ்ப்பாளையே கழற்றிவிட்டார். தேவயானி கத்தினாள், அப்பாவைப் பிடிக்கவில்லை என்றாள். அவர் கழற்றிய தாழ்ப்பாளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "பிடிக்காட்டி போவுது. நீ இரு" என்றார். எடை ஏறிய வாரமும் உண்டு, இறங்கிய வாரமும் உண்டு. இறங்கிய வாரங்களில் பரிமளா ராத்திரி எழுந்து மகளின் மூச்சைப் பார்த்துவிட்டு வந்து படுத்தாள்.

பங்குனியில் ஒரு மதியம். வெளியே வெயில் காய்ந்துகொண்டிருந்தது. தட்டில் சோறும் கத்திரிக்காய்க் காரக்குழம்பும் அவித்த முட்டையும். தேவயானி பாதி சாப்பிட்டு நிறுத்தினாள். கை தட்டின் மேலேயே நின்றது. பரிமளா எதிரே தன் தட்டோடு உட்கார்ந்திருந்தாள். டாக்டர் சொன்னபடி எதுவும் சொல்லாமல்.

"ம்மா."

"இன்னாடி?"

"பயமா இருக்குதும்மா." இத்தனை மாதத்தில் அந்த வார்த்தையை அவள் சொன்னது அதுதான் முதல் தடவை. "இத உள்ள போட்டா என்னமோ ஆயிடும் போல இருக்குது. ஒண்ணும் ஆவாதுன்னு தெரியுது. ஆனாலும் பயமா இருக்குது."

ஒன்றும் ஆகாது என்று சொல்ல வாயெடுத்த பரிமளா நிறுத்திக்கொண்டாள்.

"எனக்கும் பயமாத்தான்டி இருக்குது" என்றாள். "தெனமும்."

தேவயானி அம்மாவைப் பார்த்தாள். "உனக்குமா?"

"பின்ன?"

சோறு ஆறிப்போயிருந்தது. மகள் ஒரு வாய் எடுத்தாள். கண்ணை மூடிக்கொண்டு மென்றாள். வெகுநேரம் மென்றாள்.

பரிமளாவும் ஒரு வாய் எடுத்து வைத்துக்கொண்டாள். ஜெராக்ஸ் கடையிலிருந்து போன் அடித்தது. அவள் அதை எடுக்கவில்லை. தட்டில் இன்னும் நிறைய இருந்தது.